எஃப்6 வேலை செய்யவில்லை: மேசைக் குறிப்புகள்

"எஃப்6 வேலை செய்யலை" என்று யாராவது வந்து சொன்னால் உடனே விசைப்பலகையை மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம். முதலில் இரண்டு கேள்விகள்: எந்தக் கன்சோலில்? வேலை செய்யவில்லை என்றால் என்ன நடக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு மூன்று பதில்கள்தான் வரும். ஒன்றுமே நடக்கவில்லை. அல்லது வேறு ஏதோ நடக்கிறது. அல்லது திரையில் ^[[17~ என்று கிறுக்கலாக ஏதோ விழுகிறது. மூன்றாவது பதில் வந்தால் நிம்மதி. விசை நன்றாக இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, கன்சோலும் சரி. வந்ததைப் புரிந்துகொள்ளாதது மேலே ஓடும் நிரல் மட்டும்தான். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

*

லினக்ஸ் கன்சோலில் ஒரு ஃபங்ஷன் கீ கடக்கும் வழியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் இதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

விரல் எஃப்6-ஐ அழுத்துகிறது. கெர்னலுக்கு அது கீகோட் 64. கீமேப் என்ற அட்டவணையைப் பார்த்து "64 என்றால் எஃப்6" என்று முடிவாகிறது. இன்னும் எழுத்து எதுவும் பிறக்கவில்லை. அடுத்து இரண்டாவது அட்டவணை: எஃப்6 என்ற பெயருக்கு எந்தச் சரம் எழுதப்பட்டிருக்கிறது? வழக்கமாக அது எஸ்கேப், [, 1, 7, ~ என்ற ஐந்து எழுத்துகள். அந்த ஐந்தும் யாரோ கையால் தட்டியதைப் போலவே டிடிஒய் வழியாக நிரலுக்குப் போகின்றன. நிரல் தன் டெர்ம் மாறியைப் பார்த்து, டெர்மின்ஃபோ தரவில் தேடி, "ஓ, இது எஃப்6" என்று திரும்ப அடையாளம் காண்கிறது.

அட்டவணைகள் இரண்டு என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கீமேப் சரியாக இருந்தும் சரம் காலியாக இருக்கலாம். சரம் சரியாக இருந்தும் கீமேப்பில் அந்த விசை வேறு பெயருக்குப் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோளாறுதான்.

(எஃப்1 முதல் எஃப்10 வரை கீகோட் 59-லிருந்து 68 வரை வரிசையாக வரும். எஃப்11 மட்டும் 87-க்கு, எஃப்12 88-க்குத் தாவும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் பத்து ஃபங்ஷன் கீகள்தான், அவையும் இடது ஓரத்தில். பதினொன்றும் பன்னிரண்டும் பின்னால் பெரிய விசைப்பலகையோடு வந்து, காலியாக இருந்த எண்களை எடுத்துக்கொண்டன. கீமேப் கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் 69, 70 என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவை நம்லாக், ஸ்க்ரோல்லாக்.)

*

கருவிகள். ஷோகீ என்ற கட்டளையை வெறுமனே ஓட்டினால் கீகோட் சொல்லும். அழுத்தியதற்கு ஒரு வரி, விட்டதற்கு ஒரு வரி. பத்து நொடி எதையும் தொடாவிட்டால் தானே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். ஷோகீ -ஏ என்று ஓட்டினால் கடைசியில் வெளிவரும் எழுத்துகளைக் காட்டும். இதிலிருந்து வெளியே வர கன்ட்ரோல்-டி. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் கோளாறு முதல் அட்டவணைக்கு முன்னாலா பின்னாலா என்பது தெரிந்துவிடும்.

எந்தக் கருவியும் இல்லாத இடத்தில், ஷெல்லில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்துங்கள். சரம் அப்படியே திரையில் விழும். தொலைவிலிருந்து நுழைந்திருந்தாலும் இது நடக்கும். கீகோட் சொல்லும் வெறும் ஷோகீ அப்படியல்ல, அசல் கன்சோலில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அட்டவணைகளை ஏற்றும் லோட்கீஸ் கட்டளையும் அப்படித்தான். எஸ்எஸ்எச் வழியாக வந்தவர் அதை ஓட்டினால், கன்சோலைச் சுட்டும் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்திதான் பெரும்பாலும் வரும். அதைப் பார்த்து இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. அவர் உட்கார்ந்திருப்பது கன்சோலில் அல்ல, அவ்வளவுதான்.

*

ஒரு சின்ன அடையாளம், ரொம்பப் பயன்பட்டது: அம்புக்குறி விசைகள் நான்கும் ஓடுகின்றன, ஆனால் ஃபங்ஷன் கீகளோடு ஹோம், எண்ட், இன்சர்ட், டெலிட், பேஜ்அப், பேஜ்டவுன் எல்லாமே செத்துக் கிடக்கின்றன. இப்படி இருந்தால் சர அட்டவணை காலி. அம்புக்குறிகளுக்கு அந்த அட்டவணை தேவையில்லை, கெர்னல் அவற்றைத் தனியாகக் கையாள்கிறது. மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. யாரோ லோட்கீஸை -எஸ் விருப்பத்தோடு ஓட்டியிருப்பார், அது சரங்களை எல்லாம் துடைத்துவிடும். லோட்கீஸ் -டி போட்டால் இயல்புநிலைக் கீமேப் திரும்ப ஏறும்.

*

இனி முக்கியமான விஷயம்.

ஒரு கணக்கு அலுவலகம். பழைய கெர்னல் ஓடும் ஒரே இயந்திரம், ஒரே விசைப்பலகை, ஆறு கன்சோல்கள். ஆளுக்கொரு கன்சோலில் லாகின் செய்து வைத்திருப்பார்கள். முறை மாறும்போது ஆல்ட்-எஃப்2, ஆல்ட்-எஃப்4 என்று தட்டித் தங்கள் இடத்துக்குப் போவார்கள். நான்காவது கன்சோலில் பதிவு வேலை பார்க்கும் அம்மா சொன்னார்: "சார், எஃப்6 அழுத்தினா சேவ் ஆகணும். இப்ப பேர் எழுதுற கட்டத்துக்குள்ள என்னமோ இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து உக்காருது. அடுத்த கட்டத்துக்கும் தானா போயிடுது."

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை அதிலேயே இருக்கிறது. ஒரு வரி வருகிறது: சரம் மாற்றப்பட்டிருக்கிறது. அடுத்த கட்டத்துக்குத் தானாகப் போகிறது: சரத்தின் முடிவில் என்டர் இருக்கிறது. சர அட்டவணையைக் காட்டும் டம்ப்கீஸ் -எஃப் கட்டளையை ஓட்டியதும் தெரிந்தது. எஃப்6-க்கு எதிரே அச்சுக்கு அனுப்பும் ஒரு நீளமான கட்டளை, கடைசியில் \ என். இரண்டாவது கன்சோலில் வேலை பார்ப்பவர் தன் வசதிக்காகத் தன் லாகின் கோப்பில் லோட்கீஸ் வரி ஒன்றைச் சேர்த்திருந்தார். தன் கன்சோலுக்கு மட்டும் மாற்றியதாகவே அவர் நினைத்தார். அவர் மேல் குறையில்லை. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

லினக்ஸில் கீமேப்பும் சர அட்டவணையும் எல்லா மெய்நிகர் கன்சோல்களுக்கும் பொது. ஒன்றில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். மாற்றியவர் லாக்-அவுட் செய்து வீட்டுக்குப் போன பிறகும் மாற்றம் இருக்கும். அடுத்தவர் கடவுச்சொல் கேட்கும் திரையில் நிற்கும்போதும் இருக்கும். லோட்கீஸின் கையேட்டுப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் அந்தக் கட்டளையைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

இதன் மோசமான பக்கத்தையும் எழுதி வைக்கிறேன். சாதாரணப் பயனர் ஒருவர் எஃப்6-க்குள் ஒரு நாசக் கட்டளையை என்டரோடு வைத்துவிட்டு லாக்-அவுட் செய்கிறார். பிறகு நிர்வாகி அதே விசைப்பலகையில் ரூட்டாக நுழைந்து எஃப்6 அழுத்துகிறார். கட்டளை ரூட்டின் அதிகாரத்தில் ஓடும். கற்பனை இல்லை இது. கெர்னல் 2.6.12-இல் இருந்த இந்த ஓட்டை சிவிஇ-2005-3257 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. அதன்பின் சரங்களை மாற்ற டிடிஒய் அமைப்புரிமை வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இன்றைய கெர்னலில் சாதாரணப் பயனரால் முடியாது. ஆனால் ரூட்டாக உட்கார்ந்து தாராளமாக லோட்கீஸ் ஓட்டுபவர் உள்ள இடத்தில் அந்தக் கட்டுப்பாட்டால் என்ன பயன்?

அந்த அலுவலகத்தில் செய்த தீர்வு: இரண்டாவது கன்சோல்காரரின் லோட்கீஸ் வரியை எடுத்துவிட்டு, அவருடைய இன்புட்ஆர்சி கோப்பில், எஸ்கேப் [ 1 7 ~ வந்தால் இந்தக் கட்டளையை எழுது என்று ஒரு வரி. அது அவருடைய ஷெல்லுக்குள் மட்டும் செல்லும். விசை எல்லாருக்கும் ஒரே சரத்தைத்தான் அனுப்புகிறது, பொருள் கொள்வது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சொந்த வசதி சொந்தக் கோப்பில் இருக்க வேண்டும். பதிவு வேலை பார்ப்பவரின் எஃப்6 அன்று மாலையே பழையபடி சேவ் செய்தது.

*

பொது எது, தனி எது என்று பிரித்துப் பார்த்தால் பல புதிர்கள் அவிழும்.

பொது: கீமேப், சரங்கள்.

தனி: விசைப்பலகையின் நிலை, அதாவது கச்சா நிலையா, மொழிபெயர்த்துத் தரும் நிலையா, யூனிகோடா என்பது. கேப்ஸ்லாக், நம்லாக் நிலையும் கன்சோலுக்குக் கன்சோல் வேறு.

ஆகவே ஆறு கன்சோலிலும் ஒரே கோளாறு என்றால் அட்டவணையைப் பாருங்கள். ஒரே ஒரு கன்சோலில் மட்டும் என்றால் நிலையைப் பாருங்கள். எக்ஸ் என்ற வரைகலைத் திரை திடீரென்று செத்துப் போய் விசைப்பலகையைக் கச்சா நிலையில் விட்டுப் போனால் அந்தக் கன்சோலில் எந்த விசையும் பேசாது. ஆல்ட்-எஃப் கூட நகராது. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அந்த வசதி அணைக்கப்படாமல் இருந்தால், மீளும். இல்லையென்றால் வேறு இயந்திரத்திலிருந்து நுழைந்து, சிஎச்விடி கொண்டு கன்சோலை மாற்றலாம்.

ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் கன்சோல் மாறுவதும் கீமேப்பில் உள்ள ஒரு சாதாரண வரிதான். புதிய கீமேப் எழுதும்போது ஆல்ட் வரிசையை விட்டுவிட்டவர்கள் கன்சோல் மாற வழியில்லாமல் நின்றிருக்கிறார்கள். எழுதிய கோப்பை ஏற்றும் முன் அந்த வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

*

சீரியல் கம்பியில் தொங்கும் டெர்மினல் வேறு சாதி. அங்கே கெர்னலின் கீமேப்புக்கு வேலையே இல்லை. சரத்தை உருவாக்குவது டெர்மினலே.

டிஜிட்டல் நிறுவனத்தின் விடி220, 1983-இல் வந்தது. அதில் எஃப்1 முதல் எஃப்5 வரை இயந்திரத்துக்கு எழுத்து எதையும் அனுப்பாது. திரையை நிறுத்து, அச்சிடு, செட்டப் என்று டெர்மினலின் உள்வேலைக்கே அவை. எஃப்6-லிருந்து எஃப்20 வரைதான் கணினிக்குப் போகும். நாமே நிரல்செய்யக்கூடியது அவற்றின் ஷிஃப்ட் வடிவம்: ஷிஃப்ட்-எஃப்6 முதல் ஷிஃப்ட்-எஃப்20 வரை, பதினைந்து விசைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து 256 பைட் இடம். முதலில் வந்தவருக்கு முதலில். கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

ஷிஃப்ட்-எஃப்6-இல் டேட் என்ற கட்டளையை வைக்கக் கணினி அனுப்ப வேண்டியது: எஸ்கேப், பி, பிறகு 1;1|17/64617465, பிறகு எஸ்கேப், \. 17 என்பது எஃப்6-இன் எண். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது டேட்டின் நான்கு எழுத்துகளின் பதினறும எண்கள். முடிவில் என்டர் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

முன்னால் உள்ள அந்த இரண்டு எண்களில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் எண் 0 என்றால் ஏற்றும் முன் எல்லா விசைகளையும் துடை. 1 என்றால் சொல்லும் விசையை மட்டும் மாற்று. இரண்டாவது 0 என்றால் ஏற்றியதும் பூட்டிவிடு. 1 என்றால் பூட்டாதே. எண்ணை எழுதாமல் விட்டால் 0 என்று பொருள். இப்போது கோளாறுகளைப் பாருங்கள். ஐந்து விசைகளுக்கு ஐந்து தனி வரிகள் அனுப்பினேன், கடைசி விசை மட்டும்தான் நிற்கிறது என்றால், ஒவ்வொரு வரியும் முந்தியதைத் துடைத்திருக்கிறது: முதல் எண் 0. முதல் விசை மட்டும்தான் நிற்கிறது, மற்ற நான்கும் ஏறவில்லை என்றால், முதல் வரியே கதவைப் பூட்டிவிட்டது: இரண்டாவது எண் 0. பூட்டை டெர்மினல் முன்னால் உட்கார்ந்து செட்டப்பில்தான் திறக்க வேண்டும். பூட்டியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து கேட்கலாம்: எஸ்கேப் [ ? 2 5 என் என்று அனுப்பினால், பதிலில் 20 வந்தால் திறந்திருக்கிறது, 21 வந்தால் பூட்டு.

விடி100 நிலையில் அந்த டெர்மினலை வைத்துவிட்டால் எஃப்11 எஸ்கேப்பாகவும், எஃப்12 பேக்ஸ்பேஸாகவும், எஃப்13 லைன்ஃபீடாகவும் மாறிவிடும். "எஃப்12 அழுத்தினால் எழுத்து பின்னால் நகர்கிறது" என்ற புகாரின் விளக்கம் இதுதான்.

*

எக்ஸ்டெர்மில் எஃப்5 அனுப்பும் சரத்தின் எண் 15, எஃப்6 அனுப்புவது 17. நடுவில் 16 எங்கே? எஃப்10-க்கு 21, எஃப்11-க்கு 23. 22 எங்கே? டிஜிட்டலின் எல்கே201 விசைப்பலகையை ஒருமுறை பார்த்தால் விளங்கும். எஃப்5-க்கும் எஃப்6-க்கும் நடுவே வெற்றிடம், எஃப்10-க்கும் எஃப்11-க்கும் நடுவே வெற்றிடம். எங்கே இடைவெளியோ அங்கே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 27, 30 இரண்டும் அப்படியே. அந்தப் பலகை அலுவலகங்களிலிருந்து போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதன் இடைவெளிகள் இன்று நம் மடிக்கணினி அனுப்பும் சரத்தில் இருக்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

*

எஃப்6 முதல் எஃப்12 வரை எங்கும் ஓடுகிறது, எஃப்1 முதல் எஃப்4 அல்லது எஃப்5 வரை மட்டும் தகராறு. இந்த வடிவத்தைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், டெர்ம் மாறி பொய் சொல்கிறது.

காரணம் நேரானது. எஃப்6-லிருந்து மேலே உள்ள விசைகளின் எண்களில் பெரும்பாலான டெர்மினல்களுக்குள் ஒற்றுமை உண்டு. முதல் நாலைந்து விசைகளில்தான் ஊருக்கு ஊர் வழக்கு. எஃப்1-க்கு லினக்ஸ் கன்சோல் அனுப்புவது எஸ்கேப் [ [ ஏ. எக்ஸ்டெர்ம் அனுப்புவது எஸ்கேப் ஓ பி. புட்டி, இயல்பாக விட்டால், எஸ்கேப் [ 1 1 ~. சிஸ்டம்டி உள்ள இயந்திரம் சீரியல் இணைப்பில் வருபவரை வழக்கமாக விடி220 என்று எடுத்துக்கொள்ளும். விடி220-க்கான டெர்மின்ஃபோ எஃப்1-க்கு எஸ்கேப் ஓ பி-யை எதிர்பார்க்கும். எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவர் புட்டியை அப்படியே வைத்திருந்தால் இரண்டும் பொருந்தாது. புட்டியின் விசைப்பலகைப் பக்கத்தில் ஃபங்ஷன் கீ வகையை மாற்றலாம், அல்லது டெர்ம் மாறியை மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் கோளாறு இடம்தான் மாறும்.

*

சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஓடவில்லை என்பது நேரப் பிரச்சினை. எஸ்கேப் என்பது தனி விசையும்தான், சரத்தின் முதல் எழுத்தும்தான். எஸ்கேப் வந்ததும் நிரல் கொஞ்சம் காத்திருந்து பார்க்கிறது: பின்னால் ஏதாவது வருகிறதா? 9600 வேகத்தில் ஓர் எழுத்து ஒரு மில்லிநொடி, ஐந்தெழுத்துச் சரம் ஐந்து மில்லிநொடியில் வந்து சேரும். 300 வேகத்தில் அதே சரத்துக்கு 160 மில்லிநொடிக்கு மேல். நெரிசலான இணைப்பில் எஸ்கேப் ஒரு பொட்டலத்திலும் மீதி அடுத்ததிலும் வரலாம். திரை நிரல்கள் பயன்படுத்தும் என்கர்சஸ் நூலகம் இயல்பாக ஒரு முழு நொடி காத்திருக்கும். எஸ்கேப் விசை மந்தமாக இருக்கிறது என்று அதைக் குறைத்து வைக்கிறவர்கள், தூர இணைப்பில் ஃபங்ஷன் கீ உடைவதற்கும் சேர்த்தே வழி செய்கிறார்கள்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு விஐ நல்ல உதாரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது எஃப்1 அழுத்துகிறோம். எஸ்கேப் தனியாக வந்து எழுதும் நிலையிலிருந்து வெளியேற்றுகிறது. அடுத்து வரும் ஓ, மேலே புதிய வரி ஒன்றைத் திறக்கிறது. பி அந்த வரியில் விழுகிறது. கோப்பின் நடுவே காரணம் தெரியாமல் ஒற்றைப் பி மட்டும் உள்ள வரிகளைப் பார்த்தால், அது எழுதியவரின் கைப்பிழை இல்லை.

*

ஐபிஎம் 3270 குடும்பத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அங்கே பிஎஃப் விசை எழுத்துச் சரம் எதையும் அனுப்புவதில்லை. எந்த விசை என்பதற்கு ஒரே ஒரு பைட், திரையில் நிரப்பிய தரவோடு சேர்ந்து போகும். எஸ்கேப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விசைக்குப் பொருள் கொடுப்பது முழுக்க மறுமுனையின் நிரல். ஐஎஸ்பிஎஃப்-இல் ஒவ்வொருவரும் கீஸ் என்று தட்டித் தன் விசைகளைத் தானே அமைத்துக்கொள்ளலாம், பக்கத்து மேசைக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. யூனிக்ஸ் உலகம் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஏற்பாடு என்பேன்.

*

புதிய இயந்திரம் அமைக்கும்போது செய்ய வேண்டியவை. எல்லாருக்கும் வேண்டிய விசை மட்டும் கீமேப் கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பு துவக்கத்தில் ஏறட்டும், யாருடைய லாகினிலும் ஏறக்கூடாது. சிஸ்டம்டி உள்ள இடத்தில் வி-கன்சோல் அமைப்புக் கோப்பில் கீமேப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். டெபியனில் கீபோர்டு அமைப்புக் கோப்பு தனி. மாற்றும் முன் டம்ப்கீஸ் வெளியீட்டை ஒரு கோப்பில் தேதியோடு சேமியுங்கள். கன்சோல் பக்கத்தில் எந்த விசை என்ன செய்யும் என்று ஒரு தாள் ஒட்டுங்கள்.

பலர் ஒரே விசைப்பலகையைத் தொடும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ஒரு தடவை டம்ப்கீஸ் -எஃப் ஓட்டி சர அட்டவணையை வரிவரியாகப் பாருங்கள். என்டரில் முடியும் கட்டளை ஒன்றாவது இருந்தால் அந்த என்டரை எடுத்துவிடுங்கள். கட்டளை திரையில் விழட்டும், அழுத்தியவர் அதைப் படித்துப் பார்த்துத் தன் கையால் என்டர் தட்டட்டும்.